கோபி பக்கம் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலித்தணிப்பு சிகிச்சை: விவரம் வேண்டும்

வணக்கமுங்க. எங்கள் அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) ஏ.எம்.எல். ரத்தப் புற்றுநோய். இனி கீமோ வேண்டாம், வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, அதை வீட்டில் எப்படிச் செய்வது? ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் (தட்டணுக்கள்) இறங்கினால் ஈறில் ரத்தம் கசிகிறது. ராகிக் களியை ஆறவைத்து, மோரில் கரைத்துத்தான் ஊட்டுகிறோம். பிளேட்லெட் ஏற்ற ஒவ்வொரு தடவையும் கோவை போய்வர உடம்பு தாங்கவில்லை.

கோபி, சத்தி பக்கம் காலையில் ஏற்றி மாலையில் அனுப்பிவிடும் ஆஸ்பத்திரி இருக்கிறதா? போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் கடும் வலிக்கான மார்ஃபின் மருந்து கிடைக்கும். ஈரோடு மாவட்டத்தில் எங்கே தருகிறார்கள்? அப்புறம், அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வருகிற நர்ஸ் ரத்தக் கசிவுக்கும் வழி சொல்வாரா? வீட்டில் வைத்துப் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்க. அம்மிச்சி வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறார், நாங்களும் அதைத்தான் விரும்புகிறோம்.