வெளியே எடுத்தால் அப்பாவின் முகம் கெட்டுப்போகிறது: எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

கேள்வி

வணக்கம். கேமரா வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. மிரர்லெஸ், கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். அப்பாவுக்கு 70 வயது நிறையப் போகிறது. அடையாள அட்டைக்கு எடுத்ததைத் தவிர அவருக்கு உருப்படியாக ஒரு படம் கிடையாது. அந்த ஒரு படத்துக்காகத்தான் கேமராவே வாங்கினேன்.

வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று வெளியே நிற்கவைத்து மூன்று நாள் முயன்றேன். மூன்றும் மூன்று விதமாகக் கெட்டன.

முதல் நாள் பகல் 12 மணி, நல்ல வெயில். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள், மூக்குக்குக் கீழே மீசை வரைந்தது போல நிழல், நெற்றி வெளுத்துவிட்டது. இரண்டாம் நாள் மரத்தடி. முகமெங்கும் வெள்ளைத் திட்டுகள், மிச்ச இடமெல்லாம் பச்சை. மூன்றாம் நாள், சூரியன் இறங்கும் நேரம்தான் நல்லது என்று படித்துவிட்டு மாலையில் எடுத்தேன். வானம் அவ்வளவு அழகு. அப்பா மட்டும் கரிக்கட்டை.

அப்பர்ச்சர் பிரையாரிட்டி (லென்ஸ் துளையை நான் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்ந்தெடுக்கும் முறை), துளை அளவு எஃப் 5.6, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400, ஜேபெக். இதில் எதை மாற்ற வேண்டும்? வேறு லென்ஸ் தேவையா?

பதில் 1

லென்ஸ் வாங்க வேண்டாம். இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் அப்பா எந்தப் பக்கம் பார்த்து நின்றார்? என்ன நிறச் சட்டை?

கேட்டவர்

பகலில் வெயிலைப் பார்த்தபடி. கண் கூசியது, சுருக்கிக்கொண்டார். மாலையில் சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால். மூன்று நாளும் வெள்ளைச் சட்டை. மூக்குக்கண்ணாடி அணிவார். நிறம் கறுப்பு.

பதில் 2

உங்கள் அமைப்பில் பெரிய தவறு எதுவும் இல்லை. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணையொட்டி வரும் என்பது பிலிம் காலத்துக் கணக்கு: ஐஎஸ்ஓ 400 என்றால் நொடியில் 1/400. நீங்கள் எஃப் 5.6 வைத்ததால் கேமரா 1/3200 பக்கம் போயிருக்கும். அது சரியான எக்ஸ்போஷர்தான், அதாவது படத்துக்கு வேண்டிய அளவு வெளிச்சம் உள்ளே போயிருக்கிறது. எண்களை எப்படித் திருப்பினாலும் படம் முழுக்கச் சேர்ந்து வெளுக்கும், இல்லையென்றால் சேர்ந்து கறுக்கும். கண்குழியில் விழுந்த நிழல் அதனால் நகராது. அதை நகர்த்த ஆள் நகர வேண்டும், இல்லை சூரியன் நகர வேண்டும்.

சூரியன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகல வட்டம்தான். சின்ன இடத்திலிருந்து வரும் வெளிச்சம் கத்தியால் வெட்டியது போன்ற நிழலைப் போடும். உச்சிவெயிலில் அது தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. புருவம் கண்ணை மறைக்கிறது, மூக்கு உதட்டை மறைக்கிறது. வயதானவர்கள் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் ஆழமாகத் தெரிவதும் இதனால்தான்.

மரத்தடித் திட்டுகளை மறுபடி உற்றுப் பாருங்கள், பெரும்பாலும் வட்டமாக இருக்கும். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்து சூரியனின் உருவத்தைத் தரையில் போடுகிறது. பகுதிச் சூரிய கிரகணத்தின்போது அதே திட்டுகள் பிறை வடிவமாகிவிடும், அவ்வளவு துல்லியம். ஆக, மரத்தடியில் அப்பாவின் முகத்தில் விழுந்தது குட்டிக் குட்டியாக அதே நேர்வெயில். பச்சைக்குக் காரணம் இலையும் புல்லும். அவற்றின் மேல் பட்டும் அவற்றை ஊடுருவியும் வரும் வெளிச்சம் பச்சையாகத்தான் இருக்கும்.

இப்போது இதைச் செய்து பாருங்கள். மேலே கூரையும் முன்னால் திறந்த வெளியும் உள்ள இடம் வேண்டும். வாசல், தாழ்வாரம், கார் நிறுத்தும் இடம், எதுவானாலும் சரி. நிழல் முடியும் கோட்டிலிருந்து ஒன்றிரண்டு அடி உள்ளே அப்பா வெளியைப் பார்த்து நிற்கட்டும். கூரை மேல்வெளிச்சத்தைத் தடுத்துவிடும். எதிரே உள்ள வானமும் வெயில் பட்ட தரையும் சுவரும் சேர்ந்து ஒரு பெரிய ஜன்னல் போல அவர் முகத்துக்கு நேராக வெளிச்சம் தரும். பின்னணியும் நிழலுக்குள்ளேயே இருக்க வேண்டும். பின்னால் வெயில் தெரிந்தால் அந்த இடம் வெளுத்துப்போகும்.

இடம் சரியா என்று பார்க்க கேமரா வேண்டாம். உங்கள் கை முஷ்டியை முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்து, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். விரல் முட்டிகளுக்கு இடையே நிழல் எந்தத் திசையில் மெதுவாகக் கரைகிறது என்று தெரியும். அந்தத் திசையை அவர் பார்க்க வேண்டும். நான் இன்றும் ஆளை நிற்கவைக்கும் முன் இதைத்தான் செய்கிறேன்.

மாலைப் படம் வேறு கதை. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பிரகாசமான வானம் பாதிப் படத்தை அடைத்துக்கொண்டால் மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொன்னதைவிடப் படத்தை வெளிச்சமாக்கவோ இருட்டாக்கவோ உதவும் அமைப்பு) +1, தேவையென்றால் +1.7 வரை ஏற்றுங்கள். வானம் வெளுக்கத்தான் செய்யும். உங்களுக்கு வேண்டியது அப்பாவா வானமா என்று அந்த இடத்திலேயே முடிவெடுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று, வானத்துக்குப் பதில் மரங்களோ சுவரோ பின்னால் வரும்படி பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். ஒரு பெரிய வெள்ளை அட்டையை அவர் மார்புக்கு முன்னால், படத்தில் விழாதபடி யாராவது பிடித்தால், பின்னாலிருந்து வரும் வெயிலே திரும்பி முகத்தில் விழும்.

அப்புறம் அந்த வெள்ளைச் சட்டை. கறுத்த முகத்தையும் வெள்ளைச் சட்டையையும் ஒரே நேர்வெயிலில் சமாளிப்பது அனுபவம் உள்ளவர்களுக்கே சிரமம். ஒரு முறை நடுத்தர நிறத்தில் சட்டை போடச் சொல்லுங்கள்.

பதில் 3

மேலே சொன்னது எல்லாம் சரி. இரண்டு சேர்க்கிறேன்.

மேகமூட்டமான நாளில் எங்கு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நிழல் மென்மையாவது உண்மை, ஆனால் வெளிச்சம் அப்போதும் பெரும்பகுதி மேலிருந்துதான் வருகிறது. கண்குழி லேசாகக் கறுப்பாகவே இருக்கும். மோவாயைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்கள், அல்லது வெளிர்நிறத் தரைமேல் நிற்கவையுங்கள்.

மாலைப் பொன் வெளிச்சம் ஒரு மணி நேரம் நிற்கும் என்று நம்பித் தாமதிக்காதீர்கள். வானத்தில் சூரியன் ஒரு மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நிலநடுக்கோட்டுப் பக்கம் அது கிட்டத்தட்ட நேராக இறங்குவதால் கடைசி 6 டிகிரிக்கு 24 நிமிடம்தான். துருவங்களை நோக்கிப் போகப் போகச் சாய்வாக இறங்கும், நேரம் நீளும். ஆளும் இடமும் தயாராக இருந்தபின் சூரியனுக்குக் காத்திருங்கள். அந்த நேரத்தில் அவரைச் சூரியனுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் திருப்பி ஒன்று எடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்

நேற்று காலை தாழ்வாரத்தில் எடுத்தேன். கண் தெரிகிறது! இரண்டு கண்ணிலும் சின்னதாக வெளிச்சப் புள்ளி. பார்த்ததும் அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

ஆனால் முகம் நீலம் பாய்ந்தது போல இருக்கிறது. ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடியிலும் வானம் பளபளக்கிறது. இன்னொன்று, கேமரா திரையில் இருட்டாகத் தெரிந்ததால் +1.3 ஏற்றினேன், வீட்டில் பார்த்தால் சட்டை வெளுத்துவிட்டது.

பதில் 2

கண்ணில் அந்தப் புள்ளி வந்துவிட்டதா, மிக்க மகிழ்ச்சி. கடினமான பகுதி முடிந்தது.

நேர்வெயிலின் நிறவெப்பம் சுமார் 5500 கெல்வின்; இந்த எண் கூடக் கூட வெளிச்சம் நீலமாகும். நிழலில் முகத்தில் படுவது பெரும்பாலும் நீல வானத்தின் வெளிச்சம், அது 7000, 8000 வரை போகும். ஒயிட் பேலன்ஸில் வீட்டு நிழல் போன்ற படம் போட்ட தேர்வு இருக்கும், அதை வையுங்கள், தோலின் சூடு திரும்பிவிடும். மாலையில் சூரியன் படம் போட்ட தேர்வுக்கு மாறிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் அந்தப் பொன்னிறத்தையே குறை என்று நினைத்துக் கேமரா கழுவிவிடக்கூடும். ஜேபெக்கோடு ரா கோப்பும் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) சேமித்தால் இதைப் பிறகும் திருத்தலாம்.

வெளி வெளிச்சத்தில் திரை எப்போதும் இருட்டாகத்தான் தெரியும், அதை நம்பாதீர்கள். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்; இடப்பக்கம் இருட்டும் வலப்பக்கம் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம் அது. வலது ஓரச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் வெள்ளை போய்விட்டது என்று பொருள்.

கண்ணாடிக்கு: மோவாயைத் துளி இறக்கச் சொல்லுங்கள், அல்லது காதுப்பக்கக் கம்பியை அரை விரற்கடை மேலே தூக்கி வையுங்கள். கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், வானம் அதில் விழாது.

கேட்டவர்

இதே சிக்கலோடு வருபவர்களுக்காக எழுதி வைக்கிறேன். தாழ்வாரம், காலை 9 மணி, எஃப் 5.6, 1/200, ஐஎஸ்ஓ 400, லென்ஸ் 50 மில்லிமீட்டரில், காம்பன்சேஷன் +0.3, ஒயிட் பேலன்ஸ் நிழல். சாம்பல் நிறச் சட்டை. கண்ணாடியோடு ஒன்றும் கழற்றிவிட்டு ஒன்றும் எடுத்தேன். கண்ணாடியோடு எடுத்ததுதான் அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது. அதையே பெரிதாக அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.