அப்பா அம்மாவோடு பாரிஸ், சுவிஸ், ரோம்: விசா, ரயில், காப்பீடு பற்றிச் சில சந்தேகங்கள்

ஸ்டுட்கார்ட்வாசி:
ஸ்டுட்கார்ட்டில் வேலை, ஜெர்மன் வசிப்பிட அட்டை இருக்கிறது. அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63. மே கடைசியில் சென்னையிலிருந்து வந்து 80 நாள் எங்களோடு இருப்பார்கள். நடுவில் 12 நாள் ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் காட்டலாம் என்று திட்டம். அப்பாவுக்குச் சர்க்கரை, மூட்டுவலி. நான்கு நாட்டுக்கும் ஜெர்மன் விசா போதுமா? மூவருக்கும் ஒரே ரயில் பாஸ் வாங்கலாமா? காப்பீடு எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கோப்புக்கட்டு:
போதும். அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் போகலாம்) கேட்க வேண்டும். உங்கள் கணக்கில் அது ஜெர்மனி, எனவே சென்னையில் ஜெர்மனிக்கான விண்ணப்ப மையம். "குடும்பத்தைப் பார்க்க" என்ற வகையில் போடுங்கள். பயணத் திட்டத்தையும் ஒரே பக்கத்தில் தேதி வாரியாக இணையுங்கள். பாரிஸ் போவதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

நீங்கள் இங்கே செய்ய வேண்டியது, அவர்கள் செலவுக்கு நான் பொறுப்பு என்று எழுதித்தரும் பொறுப்பேற்பு உறுதிமொழி, அதாவது ஃபெர்ப்ஃலிஷ்டுங்ஸ்எர்க்லேருங். உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட் காட்டி வாங்க வேண்டும். கட்டணம் 29 யூரோ. பெரிய ஊர்களில் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இதை முதலில் பிடியுங்கள். மூலப் பத்திரத்தைக் கூரியரில் சென்னைக்கு அனுப்புங்கள், ஸ்கேன் எடுபடாது. பத்திரம் வாங்கிய 6 மாதத்துக்குள் விசாவுக்குப் போட்டுவிட வேண்டும்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். முடிவுக்கு 15 நாள் என்பது விதி, 45 வரை இழுக்கவும் விதி இடம் தருகிறது. பெரியவர்களுக்குக் கட்டணம் தலைக்கு 90 யூரோ. மைய சேவைக் கட்டணம் தனி.

80 நாள் தங்கப் போகிறார்கள் என்றால் 85 கேளுங்கள். இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டுமே கணக்கில் வரும். விசாவில் "செல்லுபடியாகும் தேதி" ஒன்று, "தங்கும் நாட்கள்" வேறு. பலரும் முதல் வரியை மட்டும் பார்த்து டிக்கெட் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். லண்டன் ஆசை வந்தால் அதற்குத் தனி விசா, கூடவே ஷெங்கனில் பலமுறை நுழையும் அனுமதியும் வேண்டும்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, கேட்ட நாள் முழுவதுக்கும். "ஐரோப்பிய ஒன்றியம்" என்று மட்டும் எழுதியிருந்தால் சுவிஸ் அதில் இல்லை. "ஷெங்கன் நாடுகள் அனைத்தும்" என்று இருக்க வேண்டும். பழைய நோய்களைப் பெரும்பாலான பாலிசிகள் கழற்றிவிடும். உயிருக்கு ஆபத்தான திடீர் பாதிப்பையாவது ஏற்கிறதா என்று அந்த ஒரு பத்தியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். விலையை அப்புறம் பார்க்கலாம்.

தண்டவாளம்:
ஒரே பாஸ் கிடைக்காது. ஐரோப்பாவில் வசிப்பவருக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருபவருக்கு யூரெயில். வசிப்பிடம்தான் கணக்கு, பாஸ்போர்ட் இல்லை. இன்டர்ரெயிலில் நீங்கள் வசிக்கும் நாட்டிலிருந்து வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம் மட்டுமே. எந்தப் பாஸ் இருந்தாலும் பிரான்சின் அதிவேக டிஜிவி ரயிலுக்கு இருக்கை முன்பதிவு கட்டாயம், பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடமும் கொஞ்சம்தான். ஐந்தாறு நீண்ட பயணத்துக்கு முன்கூட்டியே தனி டிக்கெட் எடுப்பதுதான் பெரும்பாலும் மலிவு.

உண்மையைச் சொன்னால் உங்கள் பாதைதான் பிரச்சினை. 12 நாளில் நான்கு நாடு என்றால் மூன்று நாளுக்கொரு தடவை பெட்டி கட்ட வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு அது தண்டனை. ஆம்ஸ்டர்டாமை எடுத்துவிடுங்கள். ஸ்டுட்கார்ட்–பாரிஸ் நேரடி ரயில் மூன்றேகால் மணி நேரம் போல. அங்கே 4 இரவு, வீடு திரும்பி இரண்டு நாள் ஓய்வு, பிறகு சுவிட்சர்லாந்தின் லூசர்னில் 5 இரவு. ரோம் கட்டாயம் என்றால் தனியாக விமானத்தில்.

ஜெர்மன் ரயிலின் ஸ்பார்ப்ரைஸ் என்ற சலுகை விலை டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும். ஒரே டிக்கெட்டில் முதல் ரயில் தாமதமாகி இணைப்பு தவறினால் அடுத்ததில் ஏறலாம். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால் அந்த உரிமை கிடையாது. தேடும்போதே ரயில் மாறும் நேரத்தை 30 நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள். தானாக வரும் 8 நிமிடம் இளவட்டங்களுக்கு. ஏற இறங்க உதவி இலவசம், 24 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். விமானத்தில் சக்கர நாற்காலிக்கு 48 மணி நேரம்.

இன்னொன்று: உங்கள் மாநிலத்தில் பெந்தெகொஸ்தே பள்ளி விடுமுறை இரண்டு வாரம். மே கடைசியில் ரயில் நிரம்பி வழியும். ஜூன் நடுவுக்குத் தள்ளுங்கள்.

ஸ்டுட்கார்ட்வாசி:
ஆம்ஸ்டர்டாம் போச்சு. ஆனால் சுவிஸ் மலையுச்சி ரயில் நிலையமான யுங்ஃப்ராயோக் மேலே ஏற வேண்டும் என்று அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. அப்பாவைக் கூட்டிப்போகலாமா?

மலைப்பாதை:
அது 3,454 மீட்டர். காற்று மெலிதாக இருக்கும், மேலே நடையும் உண்டு. இதயம், நுரையீரல் தொல்லை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். அப்பாவுக்கு ரிகி மலை நல்லது, 1,800 மீட்டருக்குச் சற்றே கீழே. லூசர்னிலிருந்து கப்பலில் ஃபிட்ஸ்னாவ், அங்கிருந்து பல்சக்கர ரயில் உச்சி வரை. அந்த ரயில் 1871 முதல் ஓடுகிறது. ஸ்விஸ் டிராவல் பாஸ் இருந்தால் இந்தக் கப்பலும் ரயிலும் அதிலேயே அடங்கும். யுங்ஃப்ராயோக்குக்குத் தள்ளுபடி மட்டும். சுவிட்சர்லாந்தில் வசிக்காத யாரும் இந்தப் பாஸை வாங்கலாம், அதனால் இங்கே மட்டும் மூவருக்கும் ஒரே பாஸ். ஒரு நாள் அம்மாவும் நீங்களும் யுங்ஃப்ராயோக், அப்பாவுக்கு ஏரிக்கரை என்று பிரித்துக்கொள்வதில் தவறில்லை.

பாரிஸ் மெட்ரோ பெரும்பாலும் படிக்கட்டுதான். எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் இருப்பது 14-ஆம் தடத்தில். மற்றபடி பேருந்து. ஈஃபிள் கோபுர லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பே திறக்கும், அன்றே எடுங்கள். செவ்வாய்க்கிழமை லூவ்ர் அருங்காட்சியகம் மூடியிருக்கும், திங்கள் வெர்சாய் அரண்மனை.

இன்சுலின் கைப்பையில்தான், சரக்கு அறையில் உறைந்து போகலாம். மருந்துச் சீட்டில் பிராண்டு பெயர் போதாது, மூலப்பொருள் பெயரும் அளவும் ஆங்கிலத்தில் வேண்டும். நம் ஊர் பிராண்டு இங்கே எந்த மருந்துக் கடைக்கும் தெரியாது.

கோப்புக்கட்டு:
விட்டுப்போனவை. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் புதிய பதிவு முறை: முதல் நுழைவில் கைரேகை, முகப்படம். உங்கள் வசிப்பிட அட்டைக்கு அது பொருந்தாது, அதனால் சேர்ந்து வந்தாலும் வரிசை வேறாகலாம். உங்கள் முகவரி, அழைப்புக் கடிதம், உறுதிமொழி நகல், காப்பீடு நான்கையும் அச்செடுத்து அவர்கள் கைப்பையிலேயே வையுங்கள், போனில் வேண்டாம். நீங்கள் பாரிஸ் போகும்போது அட்டையோடு பாஸ்போர்ட்டும் எடுங்கள். ரயிலில் எல்லைச் சோதனை வரலாம்.

அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: நெய், பால்கோவா, இறைச்சி, கறிவேப்பிலை எதுவும் பெட்டியில் வரக்கூடாது. பொடி, ஊறுகாய் சரி. கருவாட்டுக்குக்கூட அனுமதி உண்டு, ஆனால் மற்ற துணிகளின் கதியை நினைத்துக்கொள்ளுங்கள்.