பைத்தானில் ஏஇஎஸ்-சிசிஎம்: எந்த லைப்ரரி?

குலசேகரம்_தம்பி:
ரப்பர் பால் வாங்கும் இடத்துக்கு ஈஎஸ்பி32 சிப்பில் எடைக்கருவி செய்திருக்கிறேன். எடையும் டிஆர்சியும் (பாலில் உள்ள காய்ந்த ரப்பரின் அளவு) ஏஇஎஸ்-சிசிஎம் என்ற குறியாக்க முறையில் பூட்டிப் போகும்; செய்தியை யாரும் மாற்றவில்லை என்று சரிபார்க்கும் டேக் 8 பைட். நாகர்கோவிலில் உள்ள சர்வர் பைத்தான். லிப்சோடியம் என்ற குறியாக்க லைப்ரரி நல்லது என்றார்கள், அதில் சிசிஎம்மையே காணோம். எதை எடுக்கலாம் அண்ணன்மாரே?

தக்கலைக்காரன்:
தேடாதே தம்பி, கிடையாது. சிபிசி என்ற இன்னொரு முறையும் கிடையாது, வேண்டுமென்றே சுருக்கி வைத்த லைப்ரரி அது. பைத்தானில் 'கிரிப்டோகிராஃபி' போதும், ஏஇஎஸ்சிசிஎம் அதிலேயே இருக்கிறது. டேக் நீளத்தை 8 என்று கொடு. சொல்லாவிட்டால் 16 என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் 'இன்வேலிட்டேக்' (டேக் சரியில்லை) என்று தள்ளிவிடும்.

மார்த்தாண்டம்_மாமன்:
கருவிப் பக்கம் எம்பெட் டிஎல்எஸ் லைப்ரரி போதும், ஈஎஸ்பி32-க்கு நிரல் எழுதும் ஈஎஸ்பி-ஐடிஎஃப் கூடவே வரும். அது கிடக்கட்டும் மக்கா, நான்ஸ், அதான் ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக வேண்டிய எண், எப்படி? உங்க ஊரில் மழை தூறினாலே கரண்டு போகுமே. அந்த எண்ணிக்கை கரண்டு போனால் அழியும் ரேமில் இருந்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஓடும். ஒரே சாவியில் அதே நான்ஸ் திரும்பினால், பூட்டிய இரண்டு செய்திகளை எக்ஸார் செய்தாலே (பிட் பிட்டாக ஒப்பிட்டாலே) பூட்டு போச்சு.

குலசேகரம்_தம்பி:
ஒவ்வொரு தடவையும் கரண்டு போனாலும் அழியாத ஃபிளாஷில் எழுதினால் தேயாதா மாமா?

மார்த்தாண்டம்_மாமன்:
நூறு நூறாக ஒதுக்கு. முதலில் 100 என்று எழுதிவிட்டு அதுவரை ஓட்டு. நடுவில் கரண்டு போனால் 101-லிருந்து தொடங்கு. விட்டுப்போன எண்கள் போகட்டும்.