1927 யாங்கீஸ் எதிர் 1998 யாங்கீஸ்: சிமுலேஷனில் பேப் ரூத் கட்டுக்கடங்காமல் அடிக்கிறார், உதவி தேவை

டக்அவுட்வாசி:
வணக்கம் நண்பர்களே. வெவ்வேறு காலத்து பேஸ்பால் அணிகளை ஏழு ஆட்டத் தொடரில் மோதவிடும் சின்ன சிமுலேட்டர் ஒன்றை பைத்தானில் எழுதுகிறேன். முதல் ஜோடி 1927 நியூயார்க் யாங்கீஸ் (110 வெற்றி, 44 தோல்வி), 1998 யாங்கீஸ் (114-48).

கணக்கு வழக்கமானதுதான். பேட்டரின் விகிதம், பிட்சரின் (பந்து வீசுபவரின்) விகிதம், லீக் சராசரி மூன்றையும் ஆட்ஸாக (நடக்கும் வாய்ப்பை நடக்காத வாய்ப்பால் வகுத்தது) மாற்றி, முதல் இரண்டைப் பெருக்கி மூன்றாவதால் வகுக்கிறேன். காலம் வேறு என்பதால் ஒவ்வொருவரையும் அவரவர் லீக்கோடு ஒப்பிட்டுவிட்டு, 1998 அமெரிக்கன் லீக் (யாங்கீஸ் ஆடும் லீக்) அளவுக்கு ஏற்றுகிறேன். ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்), வாக் (நான்கு தவறான பந்தால் இலவசமாக முதல் தளம்) எல்லாம் நம்பும்படி வருகின்றன. ஹோம் ரன்தான் (பெரும்பாலும் பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) உதைக்கிறது. 1927 அணியின் ரூத் ஒரே தொடரில் ஏழெட்டு அடிக்கிறார். முழு சீசன் ஓட்டினால் 150-ஐத் தாண்டுகிறார். கோடில் எங்கே ஓட்டை?

நாலாம்தளம்:
கோடில் ஓட்டை இல்லை. கையால் போட்டுப் பாருங்கள். ரூத் 1927இல் 691 முறை மட்டை பிடித்து 60 ஹோம் ரன், அதாவது 8.7 சதவீதம். அந்த வருடம் அமெரிக்கன் லீக் முழுக்கச் சேர்த்தே 439தான். சராசரி ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அப்படியானால் ஆட்ஸ் கணக்கில் ரூத் சராசரியைவிடப் பத்து மடங்கு. 1998இல் சராசரி சுமார் 2.8 சதவீதம். பத்து மடங்கை அதன்மேல் ஏற்றினால் 22 சதவீதத்துக்கு மேல் வரும். 691 முறைக்கு 150 சொச்சம். நிரல் சொன்னதைச் செய்கிறது, பாவம்.

டக்அவுட்வாசி:
சரி, புரிகிறது. அப்படியானால் உச்சவரம்பு ஒன்று வைத்து 60இல் வெட்டிவிடலாமா? அதே அணியின் லூ கெரிக்கும் 120-ஐத் தாண்டுகிறார்.

நாலாம்தளம்:
வெட்டலாம், ஆனால் அது வியாதியை விட்டுவிட்டு காய்ச்சலுக்கு மாத்திரை போடுவது. 1927இல் சராசரி ஏன் அவ்வளவு தாழ்வு என்று பாருங்கள். 1920 வாக்கில் பந்தும் விதிகளும் மாறிவிட்டன, எச்சில் பந்துக்கு (எச்சில் தடவி வீசும் பந்து) தடை வந்தது. ஆனாலும் நிறைய பேட்டர்கள் மட்டையின் கைப்பிடியில் சற்று மேலே பிடித்து, பந்தைத் தட்டிவிட்டு ஓடும் பழைய பாணியிலேயே இருந்தார்கள். ஹோம் ரன்னுக்கு முயன்றவர்களே குறைவு. அந்த சீசன் பட்டியலில் ரூத் 60, கெரிக் 47, மூன்றாவதாக லஸேரி வெறும் 18. மூவரும் ஒரே அணி! மற்ற ஏழு அமெரிக்கன் லீக் அணிகளில் எதுவுமே ரூத் தனியாக அடித்த அளவுக்கு அடிக்கவில்லை. ஆக உங்கள் பத்து மடங்கில் திறமையும் இருக்கிறது, மற்றவர்களின் ஆட்டப் பாணியும் கலந்திருக்கிறது. 1998க்கு வரும்போது அந்தப் பாணி காணாமல் போயிருக்கும், மடங்கு மட்டும் கூடவே வந்துவிட்டது.

பழையஸ்கோர்கார்டு:
குறுக்கே வருகிறேன். 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை அந்த லீக்குகளில் கறுப்பின வீரர்களுக்கு இடமே கிடையாது. ஆகவே 1927 சராசரி என்பது பாதிக் கதவு மூடிய லீக்கின் சராசரி. எந்தச் சூத்திரமும் இதைத் தானாகச் சரிசெய்யாது.

இன்னொரு வழி: சொந்த மைதானத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதுபோல, 1, 2, 6, 7ஆம் ஆட்டங்களை 1927 சூழலிலும், 3, 4, 5ஐ 1998 சூழலிலும் ஆடவிடுங்கள்.

நாலாம்தளம்:
யோசனை சுவாரசியம்தான், ஆனால் அதே நோய் தலைகீழாக வரும். 1998 அணியின் டீனோ மார்டினெஸ் அந்த வருடம் 28 ஹோம் ரன் அடித்தார். 1927க்கு இறக்கினால் ஒன்பது, பத்துதான் தேறும். 1998 அணியைக் கையைக் கட்டி ஆடவிட்ட மாதிரி.

நான் செய்வது தரவரிசை ஒட்டுதல். 1927 அமெரிக்கன் லீக்கில் 300 முறைக்கு மேல் மட்டை பிடித்தவர்களை ஹோம் ரன் விகிதப்படி அடுக்குங்கள், 1998க்கும் அப்படியே. ஒரே இடத்தில் இருப்பவருக்கு ஒரே விகிதம். ரூத்துக்குக் கிடைப்பது 1998 பட்டியலில் முதலில் இருக்கும் கென் கிரிஃபி ஜூனியரின் இடம்: 720 முறையில் 56, 7.8 சதவீதம். இதில் ஒரு அநியாயம் உண்டு, லஸேரியைவிட மூன்று மடங்குக்கு மேல் அடித்தவர் என்ற இடைவெளி அழிந்துவிடும். அதனால் அவருடைய சொந்த 8.7ஐவிடக் கீழே இறங்காதபடி தரை ஒன்று வைத்துவிடுவேன். இதைச் சூத்திரமாக நிரூபிக்க முடியாது, என் தீர்ப்பு அவ்வளவுதான். ஸ்ட்ரைக் அவுட்டுக்கும் வாக்குக்கும் உங்கள் பழைய முறையே போதும்.

டக்அவுட்வாசி:
போட்டுப் பார்த்தேன், ரூத் இப்போது ஒரு தொடருக்கு இரண்டு மூன்று. நிம்மதி. அப்புறம், 1998 அணி பத்தில் ஆறு தொடருக்கு ஜெயிக்கிறது. இது பெரிய வித்தியாசமா?

பழையஸ்கோர்கார்டு:
இல்லை. ஒரு ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு 55 சதவீதம் என்றாலே ஏழு ஆட்டத் தொடரில் 61 சதவீதம் ஆகிவிடும். இரண்டும் கிட்டத்தட்ட சமமான அணிகள். 116 ஆட்டம் ஜெயித்த 1906 சிகாகோ கப்ஸே வேர்ல்ட் சீரிஸ் இறுதித் தொடரில் ஒயிட் சாக்ஸிடம் 4-2 என்று தோற்றார்கள்.

அதைவிட பிட்சர் களைப்பைக் கவனியுங்கள். 1927 அணியில் பாதிக்கும் மேற்பட்ட ஆட்டங்களைத் தொடங்கிய பிட்சரே முடித்தார். அவர்களை ஆறாவது இன்னிங்ஸில் உங்கள் நிரல் வெளியே இழுத்தால், பின்னால் வர வில்ஸி மூரை விட்டால் ஆளில்லை. எதிர்ப்பக்கம், கடைசி இன்னிங்ஸ்களை முடித்துவைக்கும் பிட்சர் ரிவேரா உட்கார்ந்திருக்கிறார்.

டக்அவுட்வாசி:
இழுக்கிறதுதான்! எல்லோருக்கும் 100 பந்து என்று ஒரே எல்லை போட்டிருக்கிறேன். காலத்துக்குத் தனித்தனியாக மாற்றிவிட்டு முடிவைப் போடுகிறேன்.