வாலடி வெள்ளையாக இருந்தாலே அந்த வாத்து ஃபெருஜினஸ் டக் ஆகிவிடுமா?

குளத்துமேடு:
கோவைப் பக்கத்துக் குளம், ஜனவரி, காலை 9.30. ஊசிவால் வாத்தும் நாமக்கோழியும் ஏராளம். ஆகாயத்தாமரை ஓரத்தில் கரும்பழுப்பாக ஒரு முக்குளிக்கும் வாத்து, வாலடி வெள்ளை. தூரம் 120 மீட்டர் இருக்கும், கையில் 10x42 பைனாகுலர்தான். படத்தில் கண் நிறம் தெரியவில்லை. அதே குளத்தில் டஃப்டட் டக் (குடுமி வாத்து) நான்கைந்து உண்டு. ஈபேர்டில் (பறவைப் பதிவுத் தளம்) ஃபெருஜினஸ் என்று போட்டால் அரிய பறவை, விவரம் கொடு என்கிறது. போடலாமா?

கோரைப்புல்:
இப்போதைக்குப் போடாதீர்கள். நம் ஊரில் தவறான ஃபெருஜினஸ் பதிவுகளுக்கு முதல் காரணமே இந்த வாலடி வெள்ளைதான். பெண் டஃப்டட் சிலவற்றுக்கும் வாலடி வெள்ளையாக இருக்கும். வெள்ளை எங்கே முடிகிறது என்று பாருங்கள். ஃபெருஜினஸில் கத்தரித்து ஒட்டியதுபோல் சுத்தமான முக்கோணம், சுற்றிலும் கருமை. டஃப்டடில் ஓரம் கலங்கி, விலாவின் பழுப்போடு கரைந்துவிடும்.

அடுத்தது அலகு. ஃபெருஜினஸின் அலகு நீளமானது, சாம்பல் நிறம், நுனியில் சிறு கரும்புள்ளிதான். டஃப்டடுக்கு அலகு குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், நுனியில் அகலமான கறுப்புப் பட்டை. தலையைப் பொறுத்தவரை ஃபெருஜினஸின் உச்சி நடுவில் கூம்பி நிற்கும், குடுமி கிடையாது. பெண் டஃப்டடுக்குக் குடுமி பெரும்பாலும் பிடரியில் ஒரு புடைப்பு அளவுக்குத்தான் இருக்கும். எனவே 'குடுமி தெரியவில்லை' என்பதை ஆதாரமாக எழுத வேண்டாம்.

கண்: ஆண் ஃபெருஜினஸுக்கு வெள்ளை, பெண்ணுக்குக் கரும்பழுப்பு. டஃப்டடில் இரண்டுக்கும் மஞ்சள். ஆனால் முதல் குளிர்காலத்து இளம் டஃப்டடுக்கு மஞ்சள் மங்கியிருக்கும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் மஞ்சள் கண்ணே வெளுத்து வெள்ளையாகத் தெரிவதும் உண்டு. கண்ணை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது.

சிறகடி:
கோரைப்புல் சொன்ன தலை வடிவம், வாத்து சும்மா மிதக்கும்போதுதான் செல்லும். முங்கி முங்கி இரை தேடும்போது இறகை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உச்சி தட்டையாகிவிடும், வால் தண்ணீரில் படிந்து வெள்ளையும் மறையும். அந்த நேரத்துப் படத்தை வைத்து வாதாடிப் பயனில்லை. முங்குவதை நிறுத்தி, இறகு கோதும் வரை காத்திருங்கள். இறக்கையை ஒருமுறை உதறினாலே வயிற்று வெள்ளையும் சிறகின் வெள்ளைப் பட்டையும் சேர்ந்து தெரிந்துவிடும். பட்டை இரண்டுக்கும் உண்டு. ஃபெருஜினஸில் அகலமாகவும் பளிச்சென்றும் சிறகு நுனி வரைக்கும் ஓடும், டஃப்டடில் நுனிப்பக்கம் சாம்பலாக மங்கும்.

9.30 மணியும் தாமதம்தான். தண்ணீர் சூடேறியபின் கானல் ஆடும், 60x ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) வைத்தாலும் கண் நிறம் கிடைக்காது. சூரியன் எழுந்ததிலிருந்து 8 மணிக்குள், வெயிலை முதுகுக்கு வைத்து, அதாவது கிழக்குக் கரையில் நில்லுங்கள். ஸ்கோப் இருந்தால் 25x, 30x போதும். கேமராவில் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறையுங்கள், இல்லாவிட்டால் வாலடி வெள்ளை எரிந்து அதன் ஓரமே தெரியாது. ஃபெருஜினஸ் கூச்ச சுபாவி, திறந்த நீரைவிடச் சம்பும் கோரையும் உள்ள ஓரத்தையே விரும்பும், பகலில் பெரும்பாலும் தூங்கும். கரையில் நடந்து துரத்தினால் தாவரத்துக்குள் போய்விடும். ஒரே இடத்தில் உட்காருங்கள்.

நீர்க்கோடு:
ஒன்று விட்டுப்போனது. காமன் போச்சார்ட் என்ற இன்னொரு முக்குளிக்கும் வாத்தோடு ஃபெருஜினஸ் கலந்த கலப்பினமும் வரலாம். கண்ணில் ஆரஞ்சுச் சாயல், முதுகில் நுண்ணிய சாம்பல் வரி, அலகு நுனியில் வழக்கத்துக்கு மேல் கறுப்பு, இவற்றில் எது தெரிந்தாலும் 'ஏதோ ஒரு போச்சார்ட்' என்ற அளவில் நிறுத்துங்கள். பேயர்ஸ் போச்சார்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது மிக அருகிவிட்ட இனம், இந்தியாவில் வடகிழக்கைத் தாண்டிக் காண்பது மிக அரிது. அதில் வயிற்றின் வெள்ளை விலாவின் முன்பக்கத்துக்கு ஏறி நிற்கும், நீர்மட்டத்துக்கு மேலேயே தெரியும்.

குளத்துமேடு:
இன்று 7.10க்கு, கிழக்குக் கரையிலிருந்து, 60 மீட்டரில். கண் கரும்பழுப்பு. அலகு முழுக்கச் சாம்பல், நுனியில் பொட்டு. உச்சி கூம்பு. இறகு கோதியபோது வாலடி முக்கோணம் கூர்மையான ஓரத்தோடு தெரிந்தது, சிறகுப் பட்டை நுனி வரை வெள்ளை. முதுகில் வரி இல்லை. தலையும் மார்பும் மந்தமான செம்பழுப்பு.

கோரைப்புல்:
இது பெண் ஃபெருஜினஸ். நேற்றைய பட்டியலில் சேர்க்காமல் இன்றைய பட்டியலில் மட்டும் போடுங்கள், எண்ணிக்கையில் எக்ஸ் (எண்ணவில்லை என்ற குறி) வேண்டாம், 1 என்றே எழுதுங்கள். குறிப்புப் பெட்டியில் 'நன்றாகப் பார்த்தேன்' என்று எழுதினால் பரிசீலிப்பவருக்கு ஒன்றும் உதவாது. மேலே நீங்கள் எழுதிய அடையாளங்களை அப்படியே ஒட்டுங்கள், டஃப்டட் ஏன் இல்லை என்று ஒரு வரி சேருங்கள். தெளிவில்லாவிட்டாலும் வாலடி தெரியும் படம் ஒன்று, சிறகு விரித்த படம் ஒன்று ஏற்றுங்கள்.

சிறகடி:
அதே குளத்து டஃப்டட்களின் எண்ணிக்கையையும் விடாமல் போடுங்கள். ஒப்பிட்டுப் பார்த்தவர் என்பது அதிலேயே தெரியும்.