ஞாயிறு டியூஷனும் மலையகக் கிறிஸ்தவ வாழ்வும்: என்ன செய்யலாம்?

டிக்கோயாக்காரன்:
எங்கள் தோட்டத்து ஆலயத்தில் ஞாயிறு மறைக்கல்விக்குச் சின்னப் பிள்ளைகள் மட்டுமே வருகிறார்கள். பத்தாம், பதினோராம் வகுப்பு முழுவதும் அந்த நேரத்தில் ஹட்டனில் டியூஷனில் இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் கொழும்புக் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த தலைமுறையில் செபம் சொல்லத் தெரிந்தவர் யார் இருப்பார்? மறைக்கல்விக்கு வராதவர்களுக்கு, விசுவாசத்தை உறுதிப்படுத்தும் திருவருட்சாதனமான உறுதிபூசுதலைக் கொடுக்கக் கூடாது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கு வேஷம் கட்டுவதையும் நம் இளைஞர்கள் நிறுத்த வேண்டும். நாம் கொஞ்சம் இறுகினால்தான் நிலைப்போம் என்பது என் உறுதியான கருத்து.

பண்டாரவளை ஆசிரியை:
அண்ணா, யாரிடமிருந்து இறுகுவது? நான் வளர்ந்த லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. பக்கத்தில் மாரியம்மனைக் கும்பிடும் குடும்பம். எங்கள் செபமாலை அவர்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். எங்கள் வீட்டில் சாவு விழுந்தபோது முதலில் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்தவர்களும் அவர்கள்தான். மாசியில் காமன் ஊன்றுவதும் தவக்காலமும் அநேகமாக ஒன்றாகத்தான் வரும். அதை நம் தாத்தாமாரும் பார்த்துத்தான் வாழ்ந்தார்கள்.

டியூஷன் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. கொழுந்து பறிக்கும் தாய், மகள் கணிதத்தில் சித்தியடைய வேண்டும் என்று கடன் வாங்கி அனுப்புகிறாள். அதை விசுவாசக் குறைவு என்பீர்களா? ஞாயிறு காலை டியூஷனை நிறுத்தச் சொல்லிப் பௌத்த அறநெறிப் பாடசாலைகளும் பல காலமாகக் கேட்கின்றன. அரசியலமைப்பில் முதலிடம் பெற்ற மதத்துக்கே இந்த நிலைமை. உறுதிபூசுதலை மறுத்து ஒரு பிள்ளையையும் திரும்பக் கொண்டுவர முடியாது.

டிக்கோயாக்காரன்:
டீச்சர், அயலவரை வெறுக்கச் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் திருவிழாவை எந்தப் பரீட்சைக்காகவும் விடுவதில்லையே! விட்டுக்கொடுப்பது நாம் மட்டும்தான்.

ஓய்வுபெற்ற உபதேசியார் (மறைக்கல்வி ஆசிரியர்):
தம்பிமாருக்கு ஒரு பழைய செய்தி. 1966இல் டட்லி சேனாநாயக்க அரசாங்கம் வார விடுமுறையைப் பௌத்தர்களின் புனித நாட்களான போயா நாட்களுக்கு மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடமும் கந்தோரும் நடந்தன. சில ஆண்டுகளுக்குப் பிறகே ஞாயிறு விடுமுறை திரும்பியது. அந்தக் காலத்தில் நாங்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு விடியற்காலைப் பூசை கண்டு, அதே சீருடையோடு பள்ளிக்கூடம் போனோம். நேரத்தை மாற்றினார்கள், நாளை விடவில்லை. இப்போது சனிக்கிழமை மாலைப் பூசையே ஞாயிறு கடமையை நிறைவேற்றும் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. டியூஷன் பிள்ளைகளுக்காக அதை ஏன் பயன்படுத்தக் கூடாது?

மஸ்கெலியா மகன்:
நீங்கள் எல்லாரும் தொலைந்துபோனவன் என்று பேசுகிறீர்களே, அந்தக் கொழும்புக் கடைப் பையன் நான்தான். கடையில் ஞாயிறும் வேலை. செவ்வாய் மாலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் நவநாள் செபத்துக்குப் போவேன். 2019 ஈஸ்டர் அன்று அங்கே நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு வாசலில் பையைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள்; அப்போதும் போனேன். ஊரில் என் பெயர் இன்னும் பங்கின் குடும்பப் பதிவேட்டில் இருக்கிறது, அம்மா சந்தாவும் கட்டுகிறார். ஆனால் நான் எங்கே தங்குகிறேன், சாப்பிட்டேனா, பூசைக்கு வழி உண்டா என்று பங்கிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை. மறைக்கல்விக்கு வராதவர் பட்டியலை எழுதுவதற்கு முன் கொழும்பில் இருப்பவர்களின் தொலைபேசி எண்களை எழுதுங்கள் அண்ணா.

டிக்கோயாக்காரன்:
தம்பி, நீங்கள் சொல்லும் பட்டியலை இந்த வாரமே அன்பியக் கூட்டத்தில், நம் அயல் குடும்பங்களின் செபக் குழுவில், கேட்கிறேன். ஆனால் உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை போகத் தோன்றியதே, அது சின்ன வயதில் ஞாயிறு தவறாமல் உங்களை அழைத்துப் போன அம்மாவால் வந்தது. அந்தப் பழக்கமே இல்லாத பிள்ளை கொழும்பில் எந்தக் கோயிலைத் தேடும்? கட்டாயம் வேண்டும் என்றுதான் இன்னமும் சொல்வேன்.

பண்டாரவளை ஆசிரியை:
அம்மா அழைத்துப் போனார் அண்ணா, கட்டாயப்படுத்தியது பங்கு அல்ல. உபதேசியார் ஐயா, சனி மாலை நல்ல யோசனைதான். ஆனால் ஒரே சுவாமி பல தோட்டங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. இருட்டிய பிறகு தோட்டத்தின் மேல் டிவிஷன்களுக்குப் பஸ்ஸும் இல்லை. பூசை வைக்க முடியாத வாரங்களில் லயத்துக்கு வந்து மறைக்கல்வி நடத்த, உங்களைப் போன்ற உபதேசியார்கள் எத்தனை பேர் தயார்?