புதுப்பிப்பு: படுக்கையில் புரளும்போது வந்த தலைசுற்றல் – எப்லி முறை பலனளித்தது

வலப்பக்கம் புரண்டாலே அறை சுழல்வதுபோல் இருப்பது ஏன் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்; பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கழுத்து எலும்பே தலைசுற்றலுக்குக் காரணம் என்று சந்தேகிக்கும் முன், தலையைத் திருப்பிப் படுக்கவைத்துக் கண்ணசைவைக் கவனிக்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனையைச் செய்துகொள்ளுங்கள் என்ற யோசனையே சரியாக அமைந்தது. அச்சோதனையில் தலையை வலப்புறம் திருப்பிச் சாய்த்ததும் கருவிழிகள் தாமாகவே துடித்து அசைந்தன. உட்காதில் தலையின் அசைவை உணரும் பின்புற அரைவட்டக் குழாயில் கால்சியம் கார்பனேட் துகள்கள் புகுந்திருப்பதே காரணம் என்று விளக்கிய இயன்முறை மருத்துவர், அத்துகள்களை அங்கிருந்து நகர்த்த, ஒவ்வொரு நிலையிலும் ஏறக்குறைய 30 விநாடி தலையை நிறுத்தித் திருப்பும் எப்லி முறையைச் செய்தார். சுழற்சி நின்றது. (மாத்திரைகள் குமட்டலைத்தான் தணிக்கும், துகள்களை நகர்த்தமாட்டா.)

எதிர்பாராதது, அதன் பின்னும் சில வாரங்கள் நடையில் நீடித்த தள்ளாட்டம்; ஒரு புள்ளியைப் பார்த்தபடியே தலையை இருபுறமும் அசைக்கும் பயிற்சியும், ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை வைத்து நிற்கும் பயிற்சியும் அதைப் படிப்படியாகக் குறைத்தன.